பாலில் செத்த அயிரை

நம் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். மீன் சுத்தம் செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் படிப்பார்களாம். நல்ல வார்த்தை நாலு சொல்லுங்கள் என்றார்கள். என்னிடம் நல்ல வார்த்தை அதிகம் இல்லை. இருக்கிறதைச் சொல்கிறேன்.

மதுரையில் ஒரு மெஸ்ஸில் மீன் பக்கம் உட்கார்ந்து காலம் தள்ளியவள் நான். இப்போது வேலையை விட்டுவிட்டேன். விரல்கள் மடங்க மறுக்கின்றன. செதில் எப்படிச் சீவுவது, செவுளை எந்தப் பக்கம் திருகிப் பிடுங்குவது என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. பக்கத்தில் உட்காருகிறவளைப் பார்த்தால் வந்துவிடும். முள் குத்தும். குத்தினால் விரலை வாயில் வைக்காதீர்கள். கழுவிவிட்டு மஞ்சளை அப்பிக்கொண்டு வேலையைப் பாருங்கள். அந்தப் பாடம் அவ்வளவுதான்.

யாரும் சொல்லித்தராதது ஒன்று இருக்கிறது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது, இலை போடலாமா என்று ஒருவன் வந்து கத்தும்போது, கையில் இருக்கிற மீன் சரியில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? அதைப் பற்றிப் பேச எனக்குத் தெரிந்த ஒரே வழி பாக்கியத்தைப் பற்றிப் பேசுவதுதான்.

பாக்கியம் எழுமலைப் பக்கத்துக்காரி. என்னைவிட இளையவள். நான் மீன் கழுவினேன், அவள் குழம்பு வைத்தாள். கை வேகம், வாய் அதைவிட வேகம். ஒருநாள் முதலாளி அடுப்படிக்கு வந்து, "ஏம்மா, ஒறைப்பு தூக்கலா இருக்குன்னு ஒருத்தர் சொல்றாரே" என்றார்.

"யாருண்ணே, அந்தக் கண்ணாடிக்காரரா?"

"ஆமா."

"அவுக வீட்டம்மா பேசுறதே அவருக்கு ஒறைக்காதாம். எங்கொழம்பு ஒறைச்சிருச்சாக்கும்? நீங்க போயி கல்லாவுல இருங்கண்ணே. சட்டிப் பக்கம் வராதீக."

முதலாளி சிரித்துக்கொண்டே போய்விட்டார். வேறு யாராவது அப்படிப் பேசியிருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார். பாக்கியத்தை அனுப்ப முடியாது. எங்கள் மெஸ்ஸுக்குக் கூட்டம் வந்ததே அவள் வைக்கிற அயிரைக் குழம்புக்காகத்தான்.

புதியவர்களுக்கு அயிரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் பின்னால் வருவது புரியாது. விரல் நீளம்கூட இருக்காது. கண்மாய்ச் சேற்றில் கிடக்கும், சேற்றைத் தின்னும். மற்ற மீனை வயிற்றைக் கீறி உள்ளே இருப்பதை எடுத்துவிடுகிறோம். அயிரையைக் கீற முடியாது. வயிற்றில் இருப்பதோடுதான் இலைக்குப் போகிறது. அதனால் அதுவாகவே மண்ணைக் கக்கும்படி செய்ய வேண்டும். உயிரோடு வாங்கி, நல்ல தண்ணீரில் நீந்தவிட்டு, கடைசியில் தேங்காய்ப்பாலோ மோரோ ஊற்றுவோம். பாலைக் குடித்துவிட்டு மண்ணைக் கக்கும். அதன்பிறகு கல் உப்பைப் போட்டு மண்சட்டியில் உரசுவோம். உரசுகிற வரைக்கும் மீனுக்கு உயிர் இருக்க வேண்டும். செத்துவிட்டால் மண்ணும் உள்ளே, அழுக்கும் உள்ளே. வயிறு சீக்கிரம் அழுகும். புளிக்குழம்பில் போட்டுவிட்டால் பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. இந்தத் தொழிலில் இருக்கும் முக்கால்வாசி அயோக்கியத்தனம் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

பாக்கியத்துக்குச் சொந்தமாக மெஸ் வைக்க ஆசை. ஆரப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் இடம் பார்த்து வைத்திருந்தாள். பின்பக்கம் மீன் கழுவ இடம் இருக்கிறது என்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். "இந்த மூலை ஒனக்கு. முதுகு வலிக்காம ஒசரமா திண்டு கட்டித் தாரேன்" என்றாள். அவ்வளவு வருஷத்தில் என் முதுகைப் பற்றி யோசித்தவள் அவள் ஒருத்திதான்.

அப்போதுதான் ஜெசிந்தா டீச்சர் வந்தார். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. மாதம் ஒருமுறையாவது எங்கள் மெஸ்ஸில் வந்து அயிரை சாப்பிடுகிறவர். பணி ஓய்வுக்கு வீட்டில் விருந்து வைக்கப்போவதாகவும், பாக்கியமே வந்து சமைக்க வேண்டும் என்றும் சொன்னார். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். நாற்பது நாளும் கறி, கோழி தொடமாட்டார்கள். மீன் சாப்பிடலாம். தவக்காலத்தில் என்ன விருந்து என்று உறவில் சிலர் முணுமுணுத்தார்களாம். பள்ளிக்கூடத்துக்குத் தோதான நாள் வேறு கிடைக்கவில்லை.

"எல்லாருக்கும் அயிரைன்னு சொல்லிட்டேன் பாக்கியம். என் மானத்தைக் காப்பாத்து" என்றார் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க ஹாஸ்டல் சமையலைப் புது ஆளுக்குக் குடுக்கப் போறாங்க. ஹாஸ்டல் ஃபாதர் விருந்துக்கு வாரார். சாப்பிட்டுப் பாக்கட்டும். மத்ததை நான் பேசிக்கிறேன்" என்றார்.

ஹாஸ்டல் சமையல் என்றால் சின்ன விஷயமில்லை. அது கையில் இருந்தால் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். அந்தத் தைரியத்தில் ஆரப்பாளையத்து இடத்தையும் எடுத்துவிடலாம். பாக்கியம் அன்று சாயங்காலமே முதலாளியிடம் போய் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாள். விருந்து முடியட்டும், பிறகு சொல் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. "போறேன்னு முடிவு பண்ணிட்டு அவரு சோத்தத் திங்கக் கூடாதுக்கா" என்றாள். இதுதான் பாக்கியம். எல்லா விஷயத்திலும் இப்படித்தான். இப்படி இருந்தால் உருப்பட முடியாது என்று அன்றைக்கே திட்டினேன்.

விருந்தன்று காலையில் அயிரை வந்தது. நல்ல மீன். அண்டாவில் கையை விட்டால் விரலுக்குள் புகுந்து ஓடியது. நானே தண்ணீர் மாற்றி மாற்றி விட்டேன். போய் இறங்கியதும் பால் ஊற்றி, கக்கவிட்டு, உரச வேண்டும் என்பது திட்டம். கிளம்புகிற நேரத்தில் பாக்கியத்துக்கு ஒரு யோசனை வந்தது.

"யக்கா, பால இங்கயே ஊத்திருவோமா? வண்டி போற நேரத்துல அது பாட்டுக்குக் கக்கிரும். எறங்குனவொடன ஒரசிரலாம்."

நல்ல யோசனைதான். வாடிப்பட்டி என்ன தூரமா? நாலு வழிச் சாலையில் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடலாம். நானும் சரி என்றேன். கெட்டியாகத் தேங்காய்ப்பால் எடுத்து ஊற்றினோம். குட்டியானை வண்டியில் ஏற்றியபோது பால் தளும்பி வண்டித் தரையிலும் டிரைவர் பையன் மேலும் தெறித்தது. அவன், "யக்கா, வண்டிக்குப் பாலாபிஷேகம் பண்றீகளா? கவிச்ச வாட எவன் கழுவுறது?" என்று சத்தம் போட்டான். பாக்கியம் அண்டாவுக்குத் தட்டை வைத்து மூடித் துணியால் கட்டினாள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். அண்டாவில் பால் ஊற்றுவது தப்பில்லை. தட்டு வைத்து மூடுவதும் தப்பில்லை. பால் ஊற்றிய அண்டாவை மூடி வெயிலில் எடுத்துப் போவதுதான் தப்பு. அயிரை மேலே வந்து மூச்சு வாங்கும் மீன். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். தெரிந்த கைதான் அந்தத் துணியைக் கட்டியது. அவசரம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கோ போய்விடுகிறது.

சமயநல்லூர் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. வைக்கோல் ஏற்றி வந்த லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது. பங்குனி வெயில். மரம் ஒன்றுகூட இல்லை. பாக்கியம் இறங்கி முன்னால் ஓடினாள், திரும்பி வந்தாள், போலீஸ்காரரிடம் கெஞ்சினாள். "கல்யாண வண்டியே நிக்குதும்மா, ஒன் மீனு வண்டிக்கு என்ன அவசரம்?" என்றார் அவர். நான் பின்னால் ஏறித் துணியை அவிழ்த்துத் தட்டைத் தூக்கினேன். மேலே நுரை கட்டியிருந்தது. கையை விட்டேன். பால் வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு மூன்று மீன்கள் விரலில் உரசிப் போயின. மற்றவை உரசவில்லை. எங்களிடம் இருந்தது குடிக்கிற பாட்டில் தண்ணீர் மட்டும். அதை ஊற்றினோம். அந்த அண்டாவுக்கு அது எந்த மூலைக்கு?

டீச்சர் வீடு போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டு மேசை, நாற்காலி எல்லாம் போட்டிருந்தார்கள். நாங்கள் நேரே கொல்லைக்குப் போய் அண்டாவை இறக்கினோம். பால் திரிந்து தயிர்த் தண்ணீர் மாதிரி பிரிந்திருந்தது. வெள்ளையாகி வயிறு மேலே தெரிய மீன்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து வயிற்றை அழுத்தினேன். பிதுங்கிவிட்டது.

பாக்கியம் என் முகத்தையே பார்த்தாள். "சொல்லுக்கா."

"என்னத்தச் சொல்ல? ஒனக்கே தெரியுதுல்ல."

"பூராமா?"

"அடியில கொஞ்சம் துடிக்கிது. ஒரு சட்டி தேறும்."

அவள் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாக, "யக்கா, இப்பதான செத்துருக்கு. நல்லா உப்புப் போட்டு நாலு தண்ணி கழுவி, புளியக் கொஞ்சம் கூட ஊத்திட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

"திங்கையில தெரியாது. ராத்திரி தெரியும்."

"ஒன்னும் ஆகாது."

"ஆகாமயும் போகலாம். பந்தியில சின்னப் புள்ளைக ஒக்காரும். டீச்சரோட அம்மா எம்பது வயசுக் கெழவி, அவுகளும் ஒக்காருவாக. பாக்கியம், நீயா பேசுற?"

பந்தலில் மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். அதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் என்னைப் பெரிய யோக்கியம் என்று நினைத்துவிடக் கூடாது.

"உசுரோட இருக்குறதப் பொறுக்குவோம். தனியா ஒரு சட்டி வையி. ஃபாதர் ஒக்கார்ற மேசைக்கும் டீச்சருக்கும் அதப் போடு. மத்தவங்களுக்கு வேற மீனு. வந்த காரியம் முடிஞ்சிரும்."

அதில் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. உயிரோடு இருந்த மீன் நல்ல மீன்தான், கழுவினால் சரியாகிவிடும். எனக்கு இப்போதும் அது தப்பான யோசனை என்று தோன்றவில்லை. பாக்கியம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரே பந்தலு. அந்த மேசைக்கு அயிரையும் இந்த மேசைக்கு வேற மீனுமா? பாத்துக்கிட்டே திம்பாகளாக்கா? டீச்சர் கூப்புட்ட ஆளுக எல்லாருந்தான்."

"அடியே, ஒனக்கு ஹாஸ்டல் வேணுமா வேணாமா?"

"வேணும்" என்றாள். எழுந்தாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அண்டாவைச் சாய்த்தாள். நான் பிடிப்பதற்குள் தென்னை மரத்தடியில் மொத்தமும் கொட்டிப் போனது. அடியில் துடித்துக்கொண்டிருந்ததும் சேர்ந்துதான். காக்காய்கள் உடனே இறங்கிவிட்டன. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அடித்திருப்பேன்.

"கிறுக்கச்சி! உசுரோட இருந்ததையுமாடி கொட்டுவ?"

"அண்டாவுல மிச்சம் இருந்தா கை அதுக்குத்தான் போகும்" என்றாள்.

பிறகு அவளே டீச்சரிடம் போனாள். நானும் பின்னால் போனேன். பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைக்காமல், கழுத்தில் ஜெபமாலையோடு டீச்சர் நின்றார். பாக்கியம் சுற்றி வளைக்கவில்லை. "டீச்சர், மீனு வழியில செத்துருச்சு. நாந்தான் பால முன்னாடியே ஊத்தி மூடிட்டேன். செத்தத ஒங்க வீட்ல ஆக்க மாட்டேன். கண்மாய் ஜிலேபிக் கெண்டை கெடச்சா வறுத்துக் கொழம்பு வச்சுத் தாரேன். கொஞ்சம் நேரம் குடுங்க" என்றாள்.

டீச்சர் முகம் வாடிவிட்டது. "எல்லார்ட்டயும் அயிரைன்னு சொல்லிட்டேனே பாக்கியம்" என்றார். அப்புறம், "சரி, ஏதோ பண்ணு. சீக்கிரம் பண்ணு" என்று உள்ளே போய்விட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிரைவர் பையன் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். கண்மாய் குத்தகைக்காரர் ஒருவர் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து விற்றுக்கொண்டிருந்தாராம். ஜிலேபிக் கெண்டை, உள்ளங்கை அளவு. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், ரத்தச் சிவப்பு. அது போதும். உட்கார்ந்தோம். பாக்கியமும் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் கை கொடுத்தாள். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உரித்தோம். ஜிலேபியின் முதுகு முள் ஊசி மாதிரி. என் கை, அவள் கை, எல்லாம் ரத்தம். வயிற்றுக்குள் கருப்பாக ஒரு தோல் ஒட்டியிருக்கும். அதை விட்டால் குழம்பு சேற்று வாடை அடிக்கும். நேரமில்லை, விடு என்று நான் சொன்னேன். அவள் விடவில்லை. ஒவ்வொரு மீனிலும் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

பந்தி தாமதமாகத்தான் தொடங்கியது. மீன் நன்றாக இருந்தது. நான் நாற்பது வீட்டில் தின்றிருக்கிறேன், அப்படி ஒரு ஜிலேபிக் குழம்பு நான் தின்றதில்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் அயிரைக்காகக் காத்திருந்த நாக்கோடு உட்கார்ந்தார்கள். பாக்கியம்தான் பரிமாறினாள். ஃபாதர் பக்கத்தில் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். குழம்பில் கிடந்த மீனைப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார்:

"என்ன டீச்சர், ஒங்க வீட்டு அயிரை இம்புட்டுப் பெருசா வளந்துருச்சு? உரம் போட்டீகளா?"

மேசையே சிரித்தது. ஃபாதரும் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்? எதிர்ப்பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "வெலையப் பாத்துருப்பாக, ஜிலேபின்னா மலிவுல்ல" என்றாள். அது பாக்கியத்தின் காதில் விழுந்தது. கரண்டியோடு நின்றாள். டீச்சர் அங்கேதான் நின்றார். ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். மீன் வழியில் செத்துவிட்டது, செத்ததை ஆக்கமாட்டேன் என்று இந்தப் பெண் கொட்டிவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த மேசையில் யாருக்காவது அது தப்பாகப் பட்டிருக்குமா? டீச்சர் சிரித்தார். "சாப்பிடுங்க மாஸ்டர், இதுவும் நல்ல மீனுதான்" என்றார். அவ்வளவுதான்.

நான் வாயைத் திறந்தேன். பாக்கியம் குழம்பு வாளியைக் கையில் வைத்துக்கொண்டே என் காலை மிதித்தாள். "அவுக வீட்டு விசேசம்க்கா. கெடுத்துறாத" என்றாள். சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் நான் சும்மா இருந்த தடவைகள் குறைவு. அதில் இதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது. மிதித்தால் மிதிக்கட்டும் என்று சொல்லித் தொலைத்திருக்க வேண்டும்.

ஹாஸ்டல் வேறு ஆளுக்குப் போய்விட்டது. ஒன்று சொல்லி ஒன்று போடுகிறவர்கள் என்று பேச்சு வந்ததாக டீச்சர் பிறகு போனில் சொன்னார். தன்னால் அதற்கு மேல் பேச முடியவில்லை என்றார். ஆரப்பாளையத்து இடத்தையும் வேறு ஒருவன் எடுத்துவிட்டான். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள்.

நான் இன்னும் வேலையில் இருந்த பழைய மெஸ்ஸுக்கே திரும்பி வா என்று பாக்கியத்தை இழுத்துப் போனேன். முதலாளி ஏற்கெனவே வேறு சமையல்காரரைப் போட்டிருந்தார். ஆனாலும் இடம் இல்லாமல் இல்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி, "வாம்மா முதலாளியம்மா. அண்டாவக் கவுத்துட்டியாம்ல? இங்க கவுக்காம வேல பாக்குறதா இருந்தா வா" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எப்போதும் அவரை மடக்குகிற பாக்கியம் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அந்தப் புதுச் சமையல்காரர் வைத்த அயிரைக் குழம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் பாதி செத்து வரும். நான் பொறுக்கி ஒதுக்குவேன். நான் அந்தப் பக்கம் போனதும் ஒதுக்கியது சட்டிக்குள் போய்விடும். கூட்டம் குறையவே இல்லை. இலையை வழித்துத் தின்றுவிட்டு, இந்த ருசி வேறு எங்கேயும் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் சண்டை போட்டேன். முதலாளி, "ஒன் பேச்சக் கேட்டுத்தான் பாக்கியம் பொழப்புப் போச்சு. எனக்கும் அப்பிடிப் போகணுமா?" என்றார். வேலையை விட்டேனா? விடவில்லை. வீட்டில் சோறு வேண்டும். ஒதுக்கியதை மட்டும் அன்றிலிருந்து என் கையாலேயே சாக்கடையில் கொட்டிவிட்டுத்தான் எழுந்தேன். அதில் எவ்வளவு தப்பிப் போனதோ தெரியாது.

பாக்கியத்தைப் பல வருஷம் பார்க்கவில்லை. போன மழைக்காலத்தில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. நீலச் சட்டை போட்டு, கழுத்தில் அட்டை தொங்கியது. டீ வாங்கிக் கொடுத்தாள். கை விரல்களைப் பார்த்தேன். மருந்துத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. மீன் முள் குத்திய தழும்பு ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"சமைக்கிறியாடி?"

"மருமக சமைக்கிறா. நான் போனா, அத்தை நீங்க சும்மா இருங்கங்கிறா. இருக்கேன்."

இத்தனை வருஷமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னைக்கி நீ கொட்டுனதுதான் சரி பாக்கியம். நாந்தான் கோவத்துல கிறுக்கச்சின்னுட்டேன்."

டீயை ஊதிக் குடித்தாள். "சரிதான். யாரு இல்லன்னா?" என்றாள். பிறகு சிரித்தாள். "ஆனா இன்னைக்கின்னா, நீ சொன்னபடி உசுரோட இருந்ததப் பொறுக்கி அந்த ஃபாதர் மேசையில வச்சிருப்பேன்க்கா. மத்தவங்களுக்கு ஜிலேபி. கொஞ்சங்கூடக் கூச மாட்டேன்."

"சும்மா சொல்லாத."

"நெசமாத்தான். அதுவும் இல்லாட்டி செத்தத ஆக்கிப் போட்ருப்பேன். ஊரே ஆக்குது. ஊரே திங்கிது. எவன் செத்தான்?"

அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. "வாரேன்க்கா, முதுகுக்குத் தைலம் தேயி" என்று ஓடி ஏறினாள்.

பிள்ளைகளே, செத்த மீனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேளுங்கள், ஒரு நிமிஷத்தில் சொல்லித்தருகிறேன். வயிற்றை அழுத்துங்கள், செவுளைத் தூக்குங்கள், முகருங்கள். கண்டுபிடித்தால் கொட்டுங்கள். எவன் கத்தினாலும் கொட்டுங்கள். கொட்டினால் உங்களுக்கு நல்லது நடக்கும் என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள். அன்றைக்குக் கொட்டியவளுக்கு நடந்ததைத்தான் இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன். உங்களில் ஒருத்தி அண்டாவைக் கவிழ்த்துவிட்டுத் தலை குனிந்து நிற்கும்போது, பந்தலில் எல்லாரும் சிரிக்கும்போது, பக்கத்தில் இருக்கிறவர்கள் வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லுங்கள். அவள் காலை மிதித்தாலும் சொல்லுங்கள். நான் உங்களிடம் கேட்பது அது ஒன்றுதான்.

அன்றைக்கு பஸ்ஸில் ஏறிய பாக்கியம் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து எனக்குக் கையாட்டினாள். பொறுக்கி எடுத்து வைக்கலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். அதையே அவள் வாயால் கேட்ட பிறகு எனக்குக் கை எழவில்லை. பஸ் திரும்புகிற வரைக்கும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.